ஹை பாருக்குத் தாவ மாட்டேன் என்கிறாள்

கேள்வி (2024 செப்டம்பர் 8)

மகளுக்கு 9 வயது. ஜிம்னாஸ்டிக்ஸில் லெவல் 4. போன வருஷம் வரை எதற்கும் பயந்ததில்லை. இப்போது பார்ஸில் (தாழ்வாக ஒன்றும் உயரமாக ஒன்றுமாக இரண்டு கம்பிகள்) லோ பார் மேல் ஏறி நின்று ஹை பாருக்குத் தாவ வேண்டிய இடத்தில் அப்படியே நின்றுவிடுகிறாள். கோச் கை வைத்துக்கொண்டால் தாவுகிறாள், கையை எடுத்தால் இல்லை. இளங்கன்று பயமறியாது என்பார்கள், இவளுக்கு வயது ஏற ஏறப் பயமும் ஏறுகிறது. ஒன்றிரண்டு தடவை கட்டாயப்படுத்தித் தாவ வைத்துவிட்டால் தெளிந்துவிடும் என்று எனக்குத் தோன்றுகிறது. கோச் தயங்குகிறார். யாருக்காவது அனுபவம் உண்டா?

பதில் (செப்டம்பர் 8, இரவு)

கட்டாயப்படுத்த வேண்டாம். உங்கள் கோச் தயங்குவது சரி.

அவள் நிற்கும் இடத்தை ஒரு நிமிஷம் கற்பனை செய்து பாருங்கள். போட்டி அளவின்படி லோ பார் தரையிலிருந்து 170 செ.மீ., ஹை பார் 250 செ.மீ. கம்பியின் தடிமன் 4 செ.மீ. 9 வயதுப் பிள்ளை சுமார் 130 செ.மீ. இருப்பாள் என்று வைத்துக்கொண்டால், லோ பாரில் நிமிர்ந்து நிற்கும்போது அவள் கண் தரையிலிருந்து கிட்டத்தட்ட 3 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. காலுக்கு அடியில் ஒரு கைப்பிடி கனத்தில் கம்பி, அவ்வளவுதான். ஹை பாரோ அவளுடைய தொப்புள் உயரத்துக்குத்தான் இருக்கும், ஆனால் கைக்கு எட்டாத தூரத்தில். ஆகவே அவள் பயப்படுவது உயரத்துக்கு அல்ல, நடுவில் இருக்கும் வெற்றிடத்துக்கு.

இந்தத் தாவலில் அரைமனதாகத் தாவுவதுதான் ஆபத்து. முழுசாகத் தாவினால் உள்ளங்கை கம்பியைச் சுற்றிக்கொள்ளும். தயங்கித் தாவினால் விரல் நுனிதான் போய்ப் படும், உடம்பு கீழே ஆடும் வேகத்தில் பிடி கழன்றுவிடும். கட்டாயத்தின் பேரில் தாவும் குழந்தை எப்போதும் அரைத் தாவல்தான் தாவும். அது ஒரு தடவை கழன்றுவிட்டால், இன்று இருக்கும் பயத்துக்கு ஒரு நியாயமான காரணமும் சேர்ந்துவிடும்.

செப்டம்பர் 9

கோச்சிடம் என்ன சொல்வது என்று கேட்டிருந்தீர்கள். அவருக்கே தெரிந்திருக்கும். என் பெண் ஜிம்னாஸ்டிக்ஸில் வளர்ந்தவள், இப்போது நானும் வார இறுதிகளில் சின்னக் குழந்தைகளின் வகுப்பில் உதவிக்கு நிற்கிறேன். அங்கே செய்வதைச் சொல்கிறேன்.

முதலில் லோ பாரை மறந்துவிடுகிறோம். கனமான ஸ்பாஞ்ச் பெட்டி ஒன்றைப் போட்டு, அதன் மேல் நின்று ஹை பாருக்குத் தாவ வைக்கிறோம். பெட்டி அகலமானது, கால் வழுக்காது. இதில் தாவல் மட்டும்தான் பாடம்: கை காதோரம் இருக்க வேண்டும், கண் கம்பியை விட்டு விலகக் கூடாது, முன்னால் பாய்வதற்குப் பதில் மேலே எழும்பி முன்னால் போக வேண்டும். அது சலிக்கும் அளவுக்கு வந்த பிறகு லோ பாருக்குப் போகலாம். அப்போது இரண்டு கம்பிக்கும் நடுவே உள்ள இடைவெளியைக் குறைத்துவிடுகிறோம். எல்லா பார்ஸ் செட்டிலும் அதற்கான ஏற்பாடு இருக்கும். கீழே மெத்தைகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, லோ பாருக்குச் சற்றுக் கீழே வரைக்கும் நிரப்புகிறோம். இப்போது குனிந்து பார்த்தால் பள்ளம் கிடையாது, முழங்கால் ஆழத்தில் மெத்தை. தாவத் தோன்றாவிட்டால் சும்மா இறங்கி நிற்கலாம். பிறகு மெத்தையை ஒவ்வொன்றாக எடுக்கிறோம். எப்போது எடுப்பது என்பதைக் குழந்தைதான் சொல்ல வேண்டும். அவளே போய் இழுத்து எடுத்தால் இன்னும் நல்லது.

மெத்தையை எடுத்த அன்று அவள் நின்றுவிட்டால் திரும்ப வைத்துவிட வேண்டும். முகம் சுளிக்கக் கூடாது.

செப்டம்பர் 9, சற்று நேரம் கழித்து

ஒன்று விட்டுப்போயிற்று. இதற்கெல்லாம் முன்பு விழப் பழக்க வேண்டும். ஹை பாரில் தொங்கி மெதுவாக ஆடி, பின்பக்கம் போய் ஒரு நொடி நிற்கும் இடத்தில் கையை விட்டுக் காலில் இறங்குவது. அந்த இடத்தில் வேகம் இருக்காது. முழங்கால் மடங்க வேண்டும், பின்னால் சாய்ந்தால் கையை நீட்டி ஊன்றாமல் உருண்டுவிட வேண்டும். நீட்டிய கையில் விழுந்துதான் முழங்கை போகிறது. விழுந்தால் என்ன செய்வது என்று உடம்புக்குத் தெரிந்த குழந்தையின் பயம் அப்போதே பாதி அளவுக்கு இறங்கிவிடும்.

செப்டம்பர் 12

"சைக்கிள் பழக்கும்போது பிடித்திருக்கிறேன் என்று சொல்லிக்கொண்டே கையை விட்டுவிடுவோமே, அதேபோல் கோச்சும் செய்யலாமே" என்று மேலே ஒருவர் எழுதியிருக்கிறார்.

தயவுசெய்து வேண்டாம். சைக்கிளில் கையை விட்டது தெரிவதற்குள் குழந்தை பத்தடி ஓட்டியிருக்கும், விழுந்தாலும் முழங்கால் சிராய்ப்போடு போகும். பார்ஸில் கை இல்லை என்பது அந்தரத்தில் இருக்கும்போதுதான் தெரியும். அதன் பிறகு அந்த கோச் எத்தனை சத்தியம் செய்தாலும் அவள் நம்ப மாட்டாள், நம்பவும் கூடாது.

கையைக் குறைக்க வேண்டும், ஆனால் சொல்லிவிட்டுக் குறைக்க வேண்டும். முதலில் இடுப்பில் இரண்டு கை. பிறகு முதுகில் ஒரு கை. பிறகு முதுகில் ஒரு விரல். விரல் எதையும் தாங்காது, அது குழந்தைகளுக்கும் நன்றாகவே தெரியும், ஆனாலும் விரல் வேண்டும் என்பார்கள். பிறகு தொடாமல் பக்கத்தில் நிற்பது. பிறகு ஓர் அடி தள்ளி நிற்பது. எங்கள் வகுப்பில் ஒரு குட்டிப்பெண் கோச்சைக் கடைசியில் மெத்தையின் ஓரத்தில் முதுகைத் திருப்பி உட்காரச் சொன்னாள். அவர் உட்கார்ந்தார். அவள் தாவினாள். திரும்பிப் பார்க்க அவளே அனுமதி கொடுத்தாள்.

செப்டம்பர் 12, இரவு

ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்ணலாமா என்ற கேள்விக்கு: பெரியவர்கள் எண்ண வேண்டாம். எண்ணினால் மூன்றில் தாவியே ஆக வேண்டும் என்ற நெருக்கடி வந்துவிடும். குழந்தை தானாக எண்ணினால் விடுங்கள். இரண்டரை, இரண்டே முக்கால், இரண்டே முக்காலே அரைக்கால் என்று பின்னம் படிக்கும் பிள்ளைகளையும் பார்த்திருக்கிறேன். அதிலும் ஒரு விஷயம் இருக்கிறது. கம்பியில் நிற்கும் நேரம் நீள நீளத் தொடை நடுங்கத் தொடங்கும், கால்விரல்கள் கம்பியைக் கவ்விக்கொண்டு வெளுத்துப்போகும். அதன் பிறகு தாவவே கூடாது. மூன்று மூச்சுக்குள் தாவாவிட்டால் இறங்கிவிடு, திரும்ப வரிசைக்கு வா என்று ஒரு வழக்கம் வைத்துக்கொண்டால் நிற்பதே பழக்கமாகிவிடாது.

செப்டம்பர் 15

"பயப்படுகிற பிள்ளை இந்த விளையாட்டுக்கு லாயக்கில்லை, டான்ஸில் சேர்த்துவிடுங்கள்." இப்படி எழுதியவருக்கு.

எலெனா முகினா என்ற சோவியத் வீராங்கனை 1978இல் உலக சாம்பியன். அடுத்த வருஷம் கால் உடைந்தது, முழுசாகத் தேறும் முன் பயிற்சிக்குத் திரும்பினார். ஃப்ளோரில் (தரைப் பயிற்சியில்) ஒரு சால்ட்டோ, அதாவது காற்றில் போடும் குட்டிக்கரணம், தலை தரைக்கு மிக அருகில் வந்து உருண்டு முடியும் வகை. இதில் என் கழுத்து உடையப் போகிறது என்று கோச்சிடம் சொன்னதாக அவரே பின்னாளில் சொன்னார். உன்னைப் போன்றவர்களுக்குக் கழுத்து உடையாது என்பது பதில். 1980 ஜூலை 3, மாஸ்கோ ஒலிம்பிக்ஸுக்கு இரண்டு வாரம் இருக்கும்போது, மின்ஸ்கில் பயிற்சியில் கழுத்து உடைந்தது. கழுத்துக்குக் கீழே இயக்கம் இல்லாமல் 2006இல் இறக்கும் வரை வாழ்ந்தார். அவருடைய பயம் கோழைத்தனமா? அந்த ஜிம்மில் அன்று சரியாக வேலை செய்துகொண்டிருந்த ஒரே விஷயம் அந்தப் பயம்தான்.

இன்னொரு சோவியத் வீராங்கனை ஓல்கா கோர்புட்டையும் சொல்ல வேண்டும், அது பார்ஸ் கதை. 1972 மியூனிக் ஒலிம்பிக்ஸ், ஆல்ரவுண்ட் (எல்லாக் கருவிகளும் சேர்ந்த) இறுதி. பார்ஸில் ஏறும்போதே கால் இடறி, அடுத்தடுத்துத் தவறி, 7.5 தான் கிடைத்தது. உட்கார்ந்து அழுததை உலகமே பார்த்தது. அடுத்த நாள் அதே பார்ஸில் வெள்ளி, பீமிலும் (உயரத்தில் இருக்கும் குறுகலான கட்டை) ஃப்ளோரிலும் தங்கம். முந்தின நாள் அழுகையை வைத்து லாயக்கில்லை என்று முடிவு கட்டியிருந்தால் என்ன ஆகியிருக்கும்?

செப்டம்பர் 21

என் பெண்ணின் கதையைக் கேட்டவர்களுக்கு. அவளுக்குத் தாவலில் பயம் வரவில்லை. ஃப்ளைஅவேயில் வந்தது.

தெரியாதவர்களுக்கு: ஃப்ளைஅவே என்பது ஹை பாரில் தொங்கி ஆடி, முன்பக்கம் கால் எழும்போது கையை விட்டு, காற்றில் பின்பக்கமாக ஒரு குட்டிக்கரணம் போட்டுக் காலில் இறங்குவது. லெவல் 5இல் இறங்கும் முறை அதுதான்.

அவள் அதை நன்றாகச் செய்துகொண்டிருந்தாள். ஒரு நாள் பக்கத்து செட்டில் வேறொரு பெண்ணின் குதிகால் கம்பியில் பட்டது. பெரிய அடி இல்லை, அந்தப் பெண் நொண்டிக்கொண்டே சிரித்தாள், ஐஸ் வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். ஆனால் ஃபைபர்கிளாஸ் கம்பியில் எலும்பு மோதும் சத்தம் ஒரு மாதிரியானது. கம்பி அதிரும், அதைத் தரையோடு இழுத்துக் கட்டியிருக்கும் கேபிள்களும் சங்கிலியும் சேர்ந்து கிலுகிலுவென்று ஆடும். என் பெண், கை வழுக்காமல் இருக்கப் பூசும் சாக் பொடிக் கிண்ணத்தில் கை வைத்தபடி அதைக் கேட்டுக்கொண்டு நின்றாள். அன்றிலிருந்து ஆடுவாள், ஆடுவாள், கையை விட மாட்டாள்.

இந்தப் பயம் தானே ஆபத்தை உண்டாக்கிக்கொள்ளும். சுற்றிக்கொண்டிருக்கும் உடம்பு கையை விட்ட நொடியில் எந்தத் திசையில் போய்க்கொண்டிருந்ததோ அந்தத் திசையில்தான் கிளம்பும். கீழிருந்து முன்பக்கம் எழத் தொடங்கும்போதே விட்டால் முன்னால் தூரமாகப் போவாள், உயரம் கிடைக்காது. உடம்பு தரைக்குக் கிடையாக வருவதற்குச் சற்று முன் விட்டால் மேலேயும் கொஞ்சம் வெளியேயும் போவாள், அதுதான் வேண்டியது. கிடைநிலையைத் தாண்டியும் பிடித்துக்கொண்டிருந்தால் கம்பியை நோக்கியே வருவாள். அதாவது கம்பி காலில் பட்டுவிடுமோ என்று பயந்து இறுகப் பிடிக்கும் குழந்தைதான் கம்பியில் இடித்துக்கொள்ளும்.

இதை அவளுக்கு ஒரு தாளில் வட்டம் போட்டுக் காட்டினேன். வட்டத்தின் ஒவ்வோர் இடத்திலும் ஓர் அம்புக்குறி. அவள் ரொம்ப நேரம் பார்த்தாள். "அப்போ அந்தப் பொண்ணு லேட்டா விட்டாளா?" என்று கேட்டாள். ஆமாம் என்றேன். அதுவரை அந்த அடி அவளுக்குத் தலைவிதி மாதிரி, யார் மேலும் எப்போது வேண்டுமானாலும் விழலாம். இப்போது அதற்கு ஒரு காரணம் கிடைத்துவிட்டது. ஆனால் புரிந்த உடனே கை விட்டுவிடவில்லை. புரிந்தது தலைக்கு. கைக்குப் புரிய இன்னும் நாளானது.

செப்டம்பர் 22

நேற்று எழுதியதைப் படித்துவிட்டு, செப்டம்பர் 9இல் நான் சொன்ன படிப்படியான முறையை ஃப்ளைஅவேக்கும் எப்படிப் பொருத்துவது என்று இரண்டு பேர் கேட்டிருக்கிறார்கள். நல்ல கேள்வி. அப்படியே பொருந்தாது.

தாவலைச் சின்னத் தாவலாக்கலாம், இடைவெளியைக் குறைக்கலாம். ஃப்ளைஅவேயைப் பாதி செய்ய முடியாது. கை விட்டால் விட்டதுதான். அதனால் இங்கே அசைவைச் சுருக்காமல் இறங்கும் இடத்தை மாற்றுகிறோம். பிட்டுக்கு மேல் இருக்கும் கம்பியில், அதாவது பஞ்சுக் கட்டிகள் நிரம்பிய பள்ளத்துக்கு மேல், மெத்தைகளை உயரமாக அடுக்கி, ஆடி வந்து கையை விட்டுக் குட்டிக்கரணமே போடாமல் முதுகு தட்டையாகப் படுக்க விழுவது. இதில் கற்றுக்கொள்வது கையை விடும் நேரம் மட்டும்தான். கால்விரல் கம்பிக்கு மேலே தெரியும்போது விடு என்பார் எங்கள் கோச். கண்ணுக்கு ஒரு வேலை கொடுப்பது பெரிய உதவி, பயம் வந்தால் குழந்தைகள் முதலில் கண்ணை மூடிக்கொள்வார்கள். விடும் நேரம் சரியாக விழுந்த பிறகு குட்டிக்கரணம். பிறகு பிட்டிலிருந்து மெத்தைக்கு. கோச்சின் ஒரு கை தோளிலும் மற்றது முதுகிலும்.

என் பெண் படுக்க விழும் கட்டத்திலேயே நாள்கணக்கில் தங்கிவிட்டாள். அதிலேயே ஒரு சந்தோஷம் வந்துவிட்டது அவளுக்கு. கோச்சும் விட்டுவிட்டார். சிரித்துக்கொண்டே கையை விடும் பழக்கம் அங்கேதான் வந்தது என்று இப்போது தோன்றுகிறது.

செப்டம்பர் 30

அமெரிக்க வீராங்கனை சிமோன் பைல்ஸுக்கு டோக்கியோ ஒலிம்பிக்ஸில் வந்ததும் இதே பயம்தானா என்று கேட்கிறார்கள். இல்லை. 2021 ஜூலையில் டீம் இறுதியில் வால்ட்டில் (ஓடிவந்து மேடையில் கை ஊன்றித் தாண்டுவது) இரண்டரைச் சுற்று முறுக்க வேண்டியவர் ஒன்றரையோடு இறங்கினார். காற்றில் தாம் எங்கே இருக்கிறோம் என்ற உணர்வே விட்டுப்போய்விட்டது. ட்விஸ்டீஸ் என்பார்கள். பார்ஸிலிருந்து இறங்கும்போது முறுக்கு வராமல் மெத்தையில் முதுகடியாக விழும் பயிற்சி வீடியோக்களை அவரே அப்போது போட்டிருந்தார். குழந்தைகள் தயங்கி நிற்பது வேறு. அவர்களுக்குத் தாம் எங்கே இருக்கிறோம் என்று நன்றாகவே தெரியும், அதனால்தான் நிற்கிறார்கள்.

ஆனால் அவர் திரும்பி வந்த விதம் நமக்கு உதவும். ஆகஸ்ட் 3 பீம் இறுதியில் முறுக்கே இல்லாத இறக்கத்தை மாற்றி வைத்துக்கொண்டு வந்து வெண்கலம் வாங்கினார். முடியாததை ஒதுக்கி வைத்து முடிந்ததைச் செய்தார். 2024 பாரிஸ் ஒலிம்பிக்ஸில் மூன்று தங்கம்.

அக்டோபர் 6

திருச்சியிலிருந்து ஒரு தம்பி: "எங்கள் ஊர் ஜிம்மில் பிட் கிடையாது, மெத்தையே இரண்டுதான். அமெரிக்காவில் இருந்துகொண்டு சொல்வது சுலபம்."

நியாயமான வார்த்தை. வசதி இல்லாத இடத்தில் வரிசை இன்னும் மெதுவாகப் போக வேண்டும், அவ்வளவுதான் என்னால் சொல்ல முடியும். மெத்தை இல்லாமல் ஃப்ளைஅவே பழக்கவே வேண்டாம். தாவலுக்கு ஆழமான மணல் குழி ஓரளவு கைகொடுக்கும், கல் இல்லாமல் தினமும் கிளறிவிட்டால். ஹை பாரைத் தாழ்த்த முடிந்தால் தாழ்த்துங்கள். அகர்தலாவில் வீராங்கனை தீபா கர்மாகரும் அவருடைய கோச் பிஸ்வேஸ்வர் நந்தியும் தொடக்கத்தில் பழைய ஸ்கூட்டர் உதிரி பாகங்களை வைத்துச் செய்த ஸ்பிரிங் போர்டில்தான் பழகினார்கள். அங்கிருந்து 2016 ரியோ ஒலிம்பிக்ஸில் வால்ட்டில் நான்காம் இடம் வரை போனார். அதை வைத்து, வசதி தேவையில்லை என்று யாரும் முடிவுக்கு வந்துவிடக் கூடாது. வசதி இல்லாதபோது பெரியவர் ஒருவரின் கவனம் அந்த இடத்தை நிரப்ப வேண்டியிருக்கிறது.

உங்கள் பக்கம் மல்லர் கம்பம் பழகிய குழந்தைகள் வருவார்கள் என்றும் எழுதியிருக்கிறீர்கள். அவர்களுக்குப் பிடி வலுவாக இருக்கும், உயரம் பழகியிருக்கும். ஆனால் அங்கே தொடையாலும் கம்பத்தைக் கவ்விக்கொள்ளலாம். பார்ஸில் கையை விட்டால் வேறெதுவும் பிடிக்காது. அதனால் விடும் பாடத்தை அவர்களுக்கும் ஆரம்பத்திலிருந்து நடத்துங்கள்.

அக்டோபர் 13

முதல் கேள்வி கேட்டவர் திரும்ப வந்திருக்கிறார். பெட்டியிலிருந்து தாவல் நன்றாக வருகிறது, லோ பாரிலிருந்து இன்னும் இல்லை என்கிறார். கூடவே போகிற போக்கில், "ஜிம்மில் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிடுவாள்" என்று ஒரு வரி.

ஐயா, அதை முதலிலேயே சொல்லியிருக்கலாமே! பவர் என்ன? கிட்டப்பார்வை இருந்தால் தூரத்தில் இருக்கும் கம்பியின் விளிம்பு மங்கலாகத்தான் தெரியும். ஸ்பாஞ்ச் பெட்டியை ஹை பாருக்குப் பக்கத்தில் போட்டிருப்பார்கள், அங்கே பிரச்சினை தெரிந்திருக்காது. எங்கள் வகுப்பில் கண்ணாடிப் பிள்ளைகள் நிறைய. காதுக்குப் பின்னால் பட்டை போட்டு இறுக்கும் விளையாட்டுக் கண்ணாடி கிடைக்கும். கண் டாக்டரிடமும் கோச்சிடமும் கேட்டு முடிவு செய்யுங்கள்.

இதுதான் முழுக் காரணம் என்று நான் சொல்லவில்லை. போன வருஷம் தாவியிருக்கிறாள். ஆனால் ஒரு வருஷத்தில் பவர் ஏறியிருக்கலாம், அவளும் வளர்ந்திருக்கலாம்.

இன்னொன்றையும் பார்த்துவிடுங்கள். உள்ளங்கைத் தோல் கிழிந்திருக்கிறதா, மணிக்கட்டை அழுத்தினால் வலிக்கிறதா. வலியைச் சொன்னால் வகுப்பில் சேர்க்காமல் உட்கார வைத்துவிடுவார்கள் என்று எண்ணி, வலியை மறைத்து "பயமாயிருக்கு" என்று சொல்லிவிடும் பிள்ளைகள் உண்டு. வளரும் வயதில் மணிக்கட்டு வலி இரண்டு வாரமாகத் தொடர்ந்தால் டாக்டர் பார்க்க வேண்டும்.

அக்டோபர் 27

வளர்ச்சியைப் பற்றி ஒருவர் விளக்கமாகக் கேட்டார். ஆறு வயதில் குழந்தைக்கு விழுவதைக் கற்பனை செய்ய அவ்வளவாகத் தெரியாது. ஒன்பது பத்தில் நன்றாகத் தெரிந்துவிடும். இளங்கன்று பயமறியாது, கன்று வளர்ந்தால் அறியும். அது மூளை சரியாக வளர்கிறது என்பதற்கு அடையாளம். உடம்பும் நீளும். நேற்று வரை லோ பாரைத் தொடாமல் ஆடிய கால் இன்று உரசும். தாவும் தூரமும் விடும் நேரமும் எல்லாம் புதிதாகக் கணக்குப் போட வேண்டும். வளரும் மாதங்களில் பழைய வித்தைகளில் ஓரிரு படி இறங்கிப் பழகினால் பிள்ளைகளுக்குப் பதற்றம் குறைகிறது. இதைக் குழந்தையிடம் வாய்விட்டுச் சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் நான் மோசமாகிக்கொண்டே போகிறேன் என்று தானாக முடிவு கட்டிக்கொள்வாள்.

அக்டோபர் 27, இரவு

பெற்றோர்கள் பற்றி. இதைத்தான் எழுத வேண்டும் என்று நினைத்துத் தள்ளிப்போட்டுக்கொண்டே வந்தேன்.

பார்வையாளர் இருக்கைகளில் உட்கார்ந்திருந்தால் கவனித்துப் பாருங்கள். பயந்த குழந்தை தன் முறை வந்ததும் முதலில் கம்பியைப் பார்க்காது, உங்களைப் பார்க்கும். அதற்கு முன்பே அறிகுறிகள் வரும். பின்னால் இருப்பவளை நீ முதலில் போ என்று விடுவாள். சாக் பொடி போட்ட கையில் இன்னொரு தடவை போடுவாள். கிரிப்ஸின் (உள்ளங்கையில் கட்டும் தோல் பட்டை) வெல்க்ரோவைக் கரகரவென்று பிரித்துத் திரும்ப ஒட்டுவாள். தண்ணீர், பாத்ரூம். அந்த நேரத்தில் உங்கள் முகத்தில் "ம், போ" என்று எழுதியிருந்தால் அவளுக்கு இப்போது இரண்டு பயம். புத்தகம் எடுத்துக்கொண்டு போங்கள். முடிந்தால் வெளியே நடந்துவிட்டு வாருங்கள்.

காரில் ஏறியதும் "இன்றைக்குத் தாவினாயா" என்று கேட்காதீர்கள். தாவினால் அவளே சொல்வாள். பரிசும் பேசாதீர்கள். ஐபேடுக்காகத் தாவுகிற குழந்தை மனதில் ஐபேடோடு தாவும், கம்பியோடு அல்ல. "நேற்று செய்தாயே, இன்றைக்கு என்ன?" என்பதும் வேண்டாம். நேற்று செய்தது அவளுக்கும் தெரியும், அதுதான் அவளை இன்னும் வெட்கப்பட வைக்கிறது.

அதற்காக வாயே திறக்கக் கூடாது என்று அர்த்தமில்லை. "எந்த இடத்தில் கஷ்டமாக இருக்கு, ஏறும்போதா, நிமிரும்போதா, தாவும்போதா?" என்று வேறொரு நாள், சோறு போடும்போதோ துணி மடிக்கும்போதோ கேட்டால் ஆச்சரியமான பதில் வரும். "எல்லாமே பயமாயிருக்கு" என்று தொடங்குகிற குழந்தை "நிமிர்ந்ததும் கால் ஆடுது, அதுதான்" என்று வந்து நிற்கும். காலாடுவதற்குப் பயிற்சி இருக்கிறது. தரையில் கிடக்கும் கம்பி மேல் குந்தி எழுந்தால் போதும்.

நவம்பர் 10

பயத்தைத் தாண்டி வந்த பெரிய வீராங்கனைகளின் வீடியோக்களைக் காட்டலாமா என்ற கேள்விக்கு: காட்டலாம், பலன் கொஞ்சம்தான். 1977இல் உளவியலாளர் ஆல்பர்ட் பந்தூரா தன்னம்பிக்கை எங்கிருந்து வருகிறது என்று நான்கு வழி சொன்னார். தானே செய்து பார்த்தது, தன்னைப் போன்ற ஒருவர் செய்வதைப் பார்த்தது, பிறர் சொல்லும் வார்த்தை, உடம்பு காட்டும் அறிகுறி. முதலாவதுதான் வலிமையானது. ஒலிம்பிக் வீராங்கனை ஒன்பது வயதுப் பிள்ளைக்குத் தன்னைப் போன்றவள் இல்லை. போன மாதம் வரை இதே இடத்தில் நின்று அழுத, இவளைவிட ஒரு வயது பெரிய பெண் தாவுவதைப் பார்த்தால் வேலை செய்கிறது. அப்படி ஒருத்தியை வரிசையில் இவளுக்கு முன்னால் நிறுத்தச் சொல்லுங்கள்.

நாம் எல்லோரும் அள்ளிக் கொடுக்கும் "உன்னால் முடியும்" மூன்றாவது வகை. தனியாக அது நிற்காது. உடம்பு "முடியாது" என்று சொல்லிக்கொண்டிருக்கும்போது அம்மா "முடியும்" என்றால் குழந்தை உடம்பைத்தான் நம்பும்.

நவம்பர் 23

நல்ல செய்தி போட்டிருக்கிறீர்கள், ரொம்ப சந்தோஷம். பட்டை போட்ட கண்ணாடி, முழங்கால் ஆழத்துக்கு இரண்டு மெத்தை, கோச் ஓர் அடி தள்ளி, தாவிவிட்டாள். மெத்தை இருக்கும்போது தாவியதைக் கணக்கில் சேர்க்கலாமா என்று கேட்கிறீர்கள். சேர்க்காமல்? அவள் தாவியது கம்பிக்கு, மெத்தைக்கு அல்ல.

அடுத்த மாதம் அவளுக்குப் போட்டி இருக்கிறது என்றும் எழுதியிருக்கிறீர்கள். அதற்கு இரண்டு வழி. கோச்சைக் கம்பிக்குப் பக்கத்தில் நிற்கச் சொல்லலாம். அவர் தொட்டு உதவினால் மதிப்பெண் குறையும், குறையட்டும். இல்லையென்றால் பார்ஸை மட்டும் விட்டுவிட்டு வால்ட், பீம், ஃப்ளோர் மூன்றிலும் இறங்கலாம். இரண்டையும் அவளிடம் சொல்லி அவளே தேர்ந்தெடுக்கட்டும். போட்டிக்கு முந்தின வாரம் மெத்தையைக் குறைக்கும் வேலை மட்டும் வேண்டாம், அது போட்டி முடிந்த பிறகு.

கிரிப்ஸ் கேட்டிருந்தீர்கள். பழையது தேயாமல் இருந்தால் இப்போது மாற்றாதீர்கள். புதுத் தோல் விறைப்பாக இருக்கும், கம்பி கையில் வேறு மாதிரி படும், அவளுக்கு இப்போது அது வேண்டாம். ஜனவரியில் வாங்கி, முதலில் லோ பாரில் சின்ன வித்தைகளுக்குப் போட்டுப் பழகட்டும். மணிக்கட்டுக்கு உள்ளே போடும் பட்டை பருத்தியாக இருந்தால் தோல் உரியாது.